யோகராணி அக்காவின் கோடை வகுப்பு

கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில் பால் சங்கத்து மண்டபத்தின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பழைய மாணவி சுபாஷினியின் அழைப்பு வந்தது. இந்த ஆண்டுக் கோடை வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருந்தது. கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தேன். "டீச்சர், அக்கா போயிட்டா" என்றாள். எங்கே போனார் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து முகாமுக்குத் திரும்பிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. என்னோடு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண் என்னை முந்திப் புரிந்துகொண்டு, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யோகராணி அக்காவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர் கைக்கும் இது போகக்கூடும் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா மன்னாரில் பிறந்தவர். போர் நடந்த காலத்தில், சிறுமியாக இருந்தபோது, பெரியப்பா குடும்பத்தோடு படகேறி ராமேசுவரம் வந்தார். அம்மா பிறகு வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றார், வரவேயில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பொள்ளாச்சி வட்டாரத்தில் உள்ள ஓர் அகதி முகாமில் அக்கா வளர்ந்தார். கணிதத்தில் பட்டம் வாங்கினார். அகதிக்கு அரசு வேலை கிடையாது என்பதால் துணிக்கடையில் சேலை எடுத்துப்போடும் வேலைக்குப் போனார். ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் வந்தால் வகுப்புக்காக அந்த வேலையை விட்டுவிடுவார். ஜூனில் மறுபடியும் போய்ச் சேருவார். "உங்களை மாதிரி வருசா வருசம் ராஜினாமா பண்றவங்களை நான் பார்த்ததேயில்லை" என்று கடை முதலாளி சொல்வாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் கேரளத்துத் தேவிகுளத்தில் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். மீனாட்சிபுரம் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அக்காவை நான் முதலில் பார்த்தது இந்தப் பால் சங்கத்தில்தான். முகாமில் வகுப்பு நடத்த இடமில்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மே மாதத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது என்று சொல்லி, சங்கத் தலைவர் துரைசாமி அண்ணனிடம் மண்டபத்தைக் கேட்க வந்திருந்தார். என் மகளுக்குப் பால் வாங்க நான் வரிசையில் நின்றிருந்தேன்.

"ஏனுங்க, காலையில சாயந்திரம் பாலு ஊத்தறவங்க வருவாங்க. புள்ளைங்க சத்தம் போட்டா என்னுங்க பண்றது?" என்றார் துரைசாமி அண்ணன்.

"அவையள் சத்தம் போடோணும் எண்டுதான் அண்ணே இங்க கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் அக்கா. "முகாமில ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவில ஒரு தட்டிதான். பிள்ளை பிறந்த நாளில இருந்து 'சத்தம் போடாதே, சத்தம் போடாதே' எண்டு சொல்லித்தான் வளர்க்கிறம். பள்ளிக்கூடத்தில கேள்வி கேட்டாக்கூட வாய் திறக்குதுகள் இல்லை."

துரைசாமி அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு, "சரிங்க அம்மணி, போடட்டும்" என்று சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் பால் பாத்திரத்தோடு அக்காவின் பின்னாலேயே வெளியே வந்து, "மலையாளம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா?" என்று கேட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

மலையாளம் வேண்டும் என்று அவர் உடனே சொன்னதற்குக் காரணம் இருந்தது. முகாம் இளைஞர்களுக்குப் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கும் வேலைதான். பாலக்காடு, ஒற்றப்பாலம் என்று போவார்கள். பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் தவறான ஊரில் இறங்கி, விசாரித்த போலீசாருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்த கதைகள் அவரிடம் நிறைய இருந்தன. "பரீட்சைக்குப் படிக்கிறது ஒரு பக்கம். வேலைக்குப் போற பிள்ளை திரும்பி வீட்டுக்கு வரோணும், அதுக்கும் படிப்பிக்க வேணும்" என்பார். எங்கள் வகுப்பில் காலையில் கணக்கும் ஆங்கிலமும், மதியத்துக்குப் பிறகு மலையாள எழுத்தும் நடந்தன. இடையில் விளையாட்டு. அக்காவுக்குப் பாட்டு வராது. ஆனாலும் பாடுவார். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள்.

அவரிடம் கோபமும் உண்டு. ஒருமுறை 'என் சொந்த ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். முகாமிலேயே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் கடல், பனைமரம், அப்பாவின் தோணி என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு முகம் சுருங்கிப்போனார். "இதில ஒரு பிள்ளைகூடக் கடல் பார்த்ததில்லை டீச்சர். தாய் தகப்பன் சொன்னதை எழுதியிருக்குதுகள். அவையள் இருக்கிற இடத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கோ. அதுக்கு ஒரு பெயர் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு வளரக் கூடாது" என்றார். மறுநாள் ஒரு சின்னப் பெண், தண்ணீர் லாரி வரும்போது முகாமில் நடக்கும் சண்டையை, யார் குடத்தை யார் உதைத்தார் என்பது உட்பட, எழுதி வந்தாள். அக்கா அதை உரக்க வாசித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு அன்று வேறொன்று உறைத்தது. தேவிகுளத்தில் பிறந்து வளர்ந்த என்னிடமும் ஒவ்வொரு ஆபீசிலும் ஊர் எது என்று மலையாளத்தில், 'நாடு எவிடெயா?' என்று கேட்பார்கள். தேவிகுளம் என்றால், 'அதல்ல, சொந்தம் நாடு' என்பார்கள். நான் பார்த்தேயிராத ஒரு திருநெல்வேலிக் கிராமத்தின் பெயரைச் சொல்லிப் பழகியிருந்தேன். அன்றைக்குப் பிறகு சொல்வதில்லை.

மூன்றாவது கோடையில் பிள்ளைகளைத் தேவிகுளத்துக்கு அழைத்துப் போனோம். முகாமில் இருப்பவர்கள் வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும். எல்லை தாண்டினால் இன்னும் கஷ்டம். அக்கா எத்தனையோ முறை அலைந்து வாங்கினார். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தங்கி ஒரு வாரம் வகுப்பு. பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வந்தபோது பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதைக் கையால் பிடிக்கப் பார்த்தார்கள். மாலையில் லயத்துப் பெண்கள் கொழுந்து எடுத்துவிட்டு வந்து அவர்களைச் சுற்றி உட்காருவார்கள். "உங்க ஆளுக பேச்சு பாட்டு மாதிரி இருக்குத்தா" என்பாள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா.

திரும்ப வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் முகாமில் செக்கிங். அதாவது, அதிகாரி வந்து ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பெயர் சரிபார்ப்பார். இல்லாதவர் பெயர் பதிவிலிருந்து போய்விடலாம்; பிறகு அதைச் சேர்ப்பது பெரும்பாடு. மூணாறு தாண்டி மறையூர் போகும் வழியில் பெரிய மரம் ஒன்று சாலையின் குறுக்கே விழுந்து கிடந்தது. மரத்தை அறுத்து எடுப்பதற்குள் இருட்டிவிடும், இருட்டிய பிறகு காட்டுச் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள் என்று டிரைவர் சொன்னார். நடந்தாவது போய்விடலாம் என்று பெரிய பையன்கள் இறங்கினார்கள். அது யானை நடமாடும் காடு.

அக்கா வேனின் படியில் நின்று, "ஒருத்தரும் நடக்கக் கூடாது. ஏறுங்கோ" என்றார்.

"அக்கா, பேர் போயிடும்" என்று ஒருவன் அழத் தொடங்கினான்.

"பேர் போனால் நான் போய்க் கேட்டு எழுதுவிப்பன். நீ போனால் நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் செய்தார். மழையில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். எதிர்முனையில் சத்தம் போட்டுத் திட்டுவது எங்களுக்கே கேட்டது. "ஓம் சார். என்ர பொறுப்புத்தான் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டியைத் தேவிகுளத்துக்கே திருப்பினோம். என் அப்பா லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் கதவைத் தட்டிப் பிள்ளைகளைப் பிரித்துப் படுக்க வைத்தார். மறுநாள் முகாம் போய்ச் சேரும்போது செக்கிங் முடிந்திருந்தது. ஒரு பிள்ளையின் பெயரும் போகவில்லை. எல்லாப் பிழையையும் அக்கா தன் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பலனாக இரண்டு கோடைகளுக்கு அவருக்கு எல்லை தாண்டி வர அனுமதி கிடைக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டும் நான் இங்கே வகுப்பை நடத்தினேன். அவர் மறுபக்கத்தில் இருந்து பிள்ளைகளை பஸ் ஏற்றிவிடுவார். மாலையில் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார். அது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது என்பதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அனுமதி திரும்பக் கிடைத்த கோடையில்தான் அவருடைய அம்மா மன்னாரில் இறந்தார். போய்ப் பார்க்க வழியில்லை. போனால் திரும்பி வர முடியாது. செய்தி வந்ததும் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். மதியம் உறவினர் ஒருவர் வீடியோவில் அழைத்தார். மண்டபத்து மூலையில் உட்கார்ந்து அக்கா போனைக் கையில் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் படம் ஆடி ஆடித் திரும்பியபோது, ஓரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. "அக்கா, அதா கடல்?" என்று ஒரு சின்னவன் கேட்டான். "ஓமடா ராசா, அதுதான்" என்றார். அதுவரை அழாதவர் அப்போது அழுதார். பிள்ளைகளும் அழுதார்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் நான் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

சுபாஷினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. பிளஸ் டூ முடித்ததும் இனிப் படிக்கமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கூப்பிட்டு விசாரித்தபோது எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "நீங்க படிச்சு என்னக்கா கண்டீங்க? சேலைதானே எடுத்துப் போடுறீங்க?"

மறுநாள் சுபாஷினியின் வீட்டுக்கு அக்காவே போனார். "எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. நீ சொன்னது உண்மைதான். உனக்குக் கிடைக்கும் எண்டு பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனா எனக்குக் கணக்குப் போடப் பிடிக்கும். உனக்கும் பிடிக்கும். அதை ஏன் அவையளுக்காக விடோணும்?" என்றாராம். சுபாஷினி இதை எனக்குச் சொன்னபோது, அந்த 'அவையள்' யார் என்று அக்கா சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்றாள். இப்போது பொள்ளாச்சியில் கல்லூரியில் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது எங்களில் பலருக்குக் கடைசிவரை தெரியாது. கால் வீங்கினால், கடையில் நின்றுகொண்டே வேலை செய்வதால் என்பார். நம்பினோம். மார்ச்சில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் நிலைமை புரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது, மூச்சு வாங்க வாங்க, இந்த ஆண்டு வரப்போகும் புதுப் பிள்ளைகளில் யாருக்குத் திக்குவாய், யாருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகாமுக்கு அடுத்த கிராமத்துச் சுடுகாட்டில் எரித்தோம். துரைசாமி அண்ணன் மீனாட்சிபுரத்திலிருந்து பால் ஊற்றுகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தேவிகுளத்திலிருந்து என் அப்பா, முழங்கால் வலியோடு, மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். கொள்ளி வைக்க மகன் இல்லை, பெரியப்பா குடும்பத்து ஆண்கள் இலங்கைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். யார் வைப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் முதல் கோடையில் படித்தவர்கள், இப்போது பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள், கூட்டமாக முன்னே வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் சுபாஷினியும் நின்றாள். பெண் பிள்ளை வரக் கூடாது என்று ஒரு குரல் எழுந்தது. அந்தப் பையன்கள் ஒருவரும் நகரவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் தீ வைத்தார்கள்.

பிறந்த மண்ணுக்கும் போகாமல், வாழ்ந்த மண்ணின் குடிமகளாகவும் ஆகாமல் ஒரு மனுஷி போய்விட்டார். இதை எழுதும்போது ஆத்திரம் வருகிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

என்னிடம் அவருடைய புகைப்படம்கூட ஒழுங்காக ஒன்று இல்லை. எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு பிள்ளையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். இருப்பது ஒரு குரல் பதிவு. இறப்பதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸாப்பில் அனுப்பியது. பின்னால் யாரோ இருமுவதும் தட்டு விழுவதும் கேட்கின்றன. "டீச்சர், எனக்கு வர ஒரு கிழமை பிந்தும்போல இருக்கு. பிள்ளையளைக் காக்க வைக்க வேண்டாம். நீங்கள் தொடங்குங்கோ."

குறித்த நாளிலேயே தொடங்கிவிட்டோம் அக்கா.