அற்புதசாமியின் ஃப்ரீசர் பாக்ஸ் பக்கம்

புத்தூர் அற்புதசாமி அண்ணனைத் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். துக்க வீடுகளுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர் அவர். ஒரு வேன், இரண்டு பெட்டிகள், தூக்க இரண்டு ஆட்கள். அவ்வளவுதான் கம்பெனி.

நான் உறையூரில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பவள். பியூட்டி பார்லர், தையல் கடை, பிரியாணிக் கடை என்று செய்து செய்து கை பழகியிருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இப்பல்லாம் எல்லாரும் ஃபோன்லதாம்மா தேடுறாங்க" என்று வந்து நின்றார் அண்ணன். "மூணு மாசம் பாக்குறேன். யாரும் கூப்பிடலைன்னா வேனை வித்துட்டு, துவாக்குடிக்கு லேத் வேலைக்கே போயிடுறேன்."

ஐம்பத்தாறு வயதில் யார் லேத் வேலை கொடுப்பார்கள்? பாவமாக இருந்தது.

ஒரே நாளில் பக்கத்தை முடித்தேன். மேலே நகரும் படங்கள், யாரோ வெள்ளைக்காரப் பெண் சிரிப்பது உட்பட. நடுவில் கம்பெனி வரலாறு, 'எங்கள் நோக்கம்'. ஃபோன் நம்பர் அடியில். அதற்கும் கீழே, எல்லாக் கடைகளுக்கும் போடுவதுபோல, 'நன்றி, மீண்டும் வருக'.

ஒரு மாதத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தது ஒரே அழைப்பு. "மீண்டும் வருகன்னு போட்டிருக்கீங்களே, எங்க வீட்டுல அடுத்தது யாருங்க?" என்று கேட்டுவிட்டுக் கூப்பிட்டவர் ஃபோனை வைத்துவிட்டாராம். அண்ணன் கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று. சாவு வீட்டிலிருந்து போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிற ஊரில் பிறந்தவள் செய்கிற வேலையா இது?

எல்லாவற்றையும் அழித்தேன். புதிதாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மறுநாள் ஸ்ரீரங்கத்தில், தெரிந்தவர் மூலம் வந்த ஒரு வேலைக்கு அண்ணன் கிளம்ப, நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அந்த வீட்டுக்காரர் நாலு தடவை கூப்பிட்டார். சந்துக்குள்ள வண்டி வருமா? ரெண்டாவது மாடிக்கு யார் தூக்குவாங்க? கரண்ட் போனா? பொண்ணு சிங்கப்பூர்லேருந்து வர்ற வரைக்கும் தாங்குமா? ஒவ்வொன்றுக்கும் அண்ணன் தணிந்த குரலில் ஒரே வரியில் பதில் சொன்னார். "நாங்களே தூக்கிட்டு வந்துடுவோம்ங்க. நீங்க கவலைப்படாதீங்க." எல்லாவற்றையும் ஃபோனில் குறித்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் பெட்டியை வைத்து, குளிர் ஏறுகிறதா என்று கை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடம் கும்பிட்டு நின்றார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கினார்.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?"

"இருபது வருஷமா இப்படித்தாம்மா. எந்த வீட்டுலயும் சொல்லிட்டு வந்ததில்ல."

அன்று மாலையே புதுப் பக்கம் தயாரானது. ஃபோன் நம்பர் உச்சியில், நடுங்குகிற விரலும் தப்பாமல் தொடுகிற அளவுக்குப் பெரிதாக. அதன் கீழே அந்த நாலு கேள்விகளும் அண்ணன் சொன்ன பதில்களும். வெள்ளைக்காரி போய், வெள்ளைச் சட்டையில் அண்ணனே வேன் பக்கத்தில் நின்றார்.

"கடைசியில ஒண்ணுமே போடலையேம்மா?"

"வேண்டாண்ணே."

மூன்றாம் மாதக் கடைசியில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "நேத்து வயலூர் ரோட்டுலேருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. ஒண்ணுமே கேக்கல. எல்லாம் படிச்சுட்டேங்க, வந்துடுங்கன்னு அட்ரஸ் மட்டும் சொல்லுச்சு. இந்த வாரத்துல இது அஞ்சாவது. வேனை விக்கலம்மா."

சாவு வீடுகளை எண்ணிச் சந்தோஷப்படுவதா என்று கூசியது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

காபி குடித்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பி நின்று, என் முகத்தைப் பார்த்து நிதானமாக, "போயிட்டு வரேம்மா" என்றார்.

"வாங்கண்ணே" என்றேன்.