சைபர் வந்தால் பாயாசம்

நியூட்ரான் எண்ணும் தொழிலில் தூக்கிச் சுமக்க எதுவும் இல்லை, எடுத்துக் காட்டவும் எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கணக்குச் சொல்லியே களைத்துப்போன சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

எத்தனை வரும்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து லேப்புக்குப் போகும்போது, வாடகைக் கார் ஓட்டிய அண்ணன் என்ன வேலை என்று கேட்டார். கன ஹைட்ரஜன் கலந்த பிளாஸ்டிக் துண்டை லேசரால் அடிப்போம், அது பிளாஸ்மாவாகிக் கொதிக்கும், அணுக்கள் இணையும், இணையும்போது நியூட்ரான் தெறிக்கும், அதை எண்ணினால் எத்தனை இணைந்தன என்று தெரியும் என்றேன். சில நாள் ஒன்றுமே வராது என்றும் ஒப்புக்கொண்டேன். சிக்னலில் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணும் வரலன்னாலும் சம்பளம் வருமா? நல்ல வேலைலா, விட்டுறாதீங்க."

கண்ணாடி

விடுவது என் கையிலா இருக்கிறது? ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அறிக்கை தேறினால்தான் நீட்டிப்பு. லேசர் அடிக்கும்போது கிளம்பும் மின் இரைச்சலையும் எங்கள் கருவி சில சமயம் நியூட்ரான் என்று எண்ணிவிடும். அதனால் கன ஹைட்ரஜன் கலக்காத சாதா பிளாஸ்டிக்கையும் அடித்துப் பார்க்க வேண்டும். அதில் சைபர் வந்தால்தான் மற்றதெல்லாம் உண்மை.

அடித்தோம். நாற்பத்தொன்று வந்தது. இரண்டு வருடமாக வெறும் இரைச்சலையா எண்ணினேன்? அழுகை முட்டியது. கண்ணைத் துடைக்கப் பாதுகாப்புக் கண்ணாடியில் கை வைத்தேன். கிள்ளானிலிருந்து வரும் டெக்னீஷியன் செல்வம் அண்ணன் கத்தினார். "லேசர் இன்னும் ஆன்லதான் இருக்கு டாக்டர், கண்ணாடியக் கழட்டாம அழுங்க!"

பின்பக்கம்

அவர்தான் அடுத்த துண்டையும் அடிக்கச் சொன்னார். அது கன ஹைட்ரஜன் துண்டு, எண்ணிக்கை வந்தே ஆக வேண்டும். சைபர் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டுகளை மாட்டும் சக்கரத்தை அன்று காலை அவசரத்தில் பின்பக்கமிருந்து நிரப்பியிருந்தேன், வரிசை தலைகீழாகிவிட்டது. இரண்டு வகையும் பார்க்க ஒரே வெள்ளை.

கழற்றி, சரியாக மாட்டி, சாதா பிளாஸ்டிக்கை ஆறு முறை அடித்தோம். ஆறும் சைபர். போன உயிர் திரும்பி வந்தது, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் அண்ணன் மனைவிக்குப் போன் போட்டு, சைபர் வந்துவிட்டது, நாளைக்குப் பாயாசம் வை என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார். "சைபர் வாங்குனதுக்கெல்லாமா பாயாசம்னு வீட்டுல கேக்குது டாக்டர்."

பள்ளிக்கூடத்தில் சைபர் வாங்கி அடி வாங்கியவள்தான் நானும், ஆனால் சைபருக்காக மறுநாள் இரண்டு கிண்ணம் பாயாசம் குடித்து, அதே சைபரைக் காட்டி ஒப்பந்தத்தையும் நீட்டித்துக்கொண்டவள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நான் ஒருத்திதான்.