செபமாலைக் குழுவுக்குப் போன என் இங்கிலீஷ்

பங்குச் சகோதரங்களே, வெட்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் இதைச் சொல்கிறேன்.

சென்ற பெப்ரவரியில், நான் பதினொரு வருடம் பராமரித்த சிஞ்ஞோரா, அந்த வயதான வீட்டுக்கார அம்மா, காலமானார். அழுது முடிக்கும் முன்பே அடுத்த பயம் பிடித்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல், இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அந்த அனுமதி போனால் நானும் மகளும் எங்கே போவது? இடிந்துபோனேன்.

பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு சின்ன விடுதியில் ஆள் தேடினார்கள். ஆனால் விருந்தினரோடு இங்கிலீஷ் கதைக்க வேண்டும். "மூன்று வாரம் கழித்து வா, கதைத்துக் காட்டு" என்றார் முதலாளியம்மா. எனக்குத் தெரிந்தது 'தேங்க் யூ' மட்டும். புனிதை சந்த ரோசாலியாவின் கோயில் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். "தாயே, எனக்குப் படிப்பிக்க ஒரு ஆளை அனுப்பும்" என்று அழுதேன்.

ஆள் வரவில்லை. டிக்டொக்கில் பாடங்கள்தான் வந்தன. சமைக்கும்போதும் பஸ்ஸிலும் அதையே கேட்டேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பதிந்து, வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிப் பார்ப்பேன். என் குரலுக்கு எனக்கே சிரிப்பு வரும்.

நம் செபமாலைக் குழுவில், காலையில் வேலைக்குப் போகிற வழியில், ஆளுக்குப் பத்து மணிச் செபம் சொல்லிப் பதிந்து அனுப்புவோம். ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை தேடிப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது என் முறை வந்தது. அவசரத்தில் பதிவை மாற்றி அனுப்பிவிட்டேன். துக்க தேவ இரகசியத்துக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும், "குட் மோர்னிங் சேர், யுவர் டவல் வெரி கிளீன்" என்று என் குரல் போனது. அழிக்கப் போனேன்; அதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். மானம் கப்பலேறியது. அமலன் அண்ணை சிரிப்புப் படம் வேறு போட்டார். அவரை மன்னித்துவிட்டேன், அதுவும் ஒரு புதுமைதான்.

குழுவை விட்டு விலகப் போனபோது நிரோஷாவின் பதிவு வந்தது. கோயிலில் எனக்குப் பின் வரிசை வாங்கில் இருக்கிற, என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பிள்ளை.

"அக்கா, வடிவாச் சொல்லுறியள். ஒரு பிழைதான். நான் மன்னாரிலை இங்கிலீஷ் ரீச்சரா இருந்தனான். இஞ்சை வீடு துடைக்கிறன் எண்ட வெக்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் படிப்பிக்கட்டே?"

பஸ் என்றும் பாராமல் விம்மி அழுதேன். மலையேறிக் கேட்ட ஆள் நான்கு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறாள்!

அன்றிலிருந்து செபமாலை முடிந்ததும் நிரோஷா போனில் விருந்தாளியாக வருவாள். கோபக்கார விருந்தாளி. தண்ணீர் சுடவில்லை, கட்டில் ஆடுகிறது என்று என்னை வறுத்தெடுப்பாள்.

குறித்த நாளில் விடுதிக்குப் போனேன். முதலாளியம்மா வாய் திறக்குமுன் ஒரு வெள்ளைக்காரர் கத்திக்கொண்டு வந்தார், அறைக் கதவு திறக்கவில்லையாம். நான் எழும்பினேன். "டோன்ட் வொரி சேர், கிவ் மீ த கீ." கதவு திறந்தது. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னேன். ஐந்து நிமிடம் நான் இங்கிலீஷ் கதைத்தேன்! முதலாளியம்மா அங்கேயே ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

போன மாதம் பெர்மெஸ்ஸோ கையில் கிடைத்தது. நிரோஷாவிடம் இப்போது பதினெட்டுப் பேர் படிக்கிறோம். அமலன் அண்ணையும் படிக்கிறார்.

ஆண்டவருக்குக் கோடி நன்றி. கஷ்டத்தை மூடி வைத்திருக்கிறவர்களே, வாய் திறந்து கேளுங்கள். பிழை பிழையாகக் கேட்டாலும் அவருக்கு விளங்கும்.