எர்த் மாற்றிய கார்

மச்சான்மேல், அதாவது என் மனைவியின் தமையன்மேல், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர விடவும் மாட்டேன்.

அளவெட்டியில் எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. பெற்றோல் கிடைக்காத யுத்த காலம். துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மனைவி நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி எடுத்த உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். காரின் டைனமோவோ மெதுவாக ஓடினால் பற்றறிக்குச் சார்ஜே கொடுக்காது. குண்டும் குழியுமான ரோட்டில் வேறு எப்படி ஓடுவதாம்? தினமும் காலையில் தள்ளித்தான் ஸ்ரார்ட் பண்ணினோம்.

அதனால் உடைந்து கிடந்த ஜப்பான் வான் ஒன்றின் அல்ரனேற்றரைக் கழற்றி, டைனமோ இருந்த இடத்தில் பூட்டினேன். அந்தக் கால இங்கிலாந்துக் கார்களில் பற்றறியின் பிளஸ்தான் எர்த். பிளஸ்ஸைத்தான் காரின் உடம்போடு இணைத்திருப்பார்கள். அல்ரனேற்றருக்கு மைனஸ் எர்த்தாக வேண்டும். பற்றறியைத் திருப்பி வைத்து, எர்த் வளையத்தை மெல்லிய மைனஸ் முனைக்கு ஏற்றதாக மாற்றி, அல்ரனேற்றரிலிருந்து பற்றறிக்குத் தடித்த வயர் ஒன்றை நேரே இழுத்தேன். நடுவில் ஒரு பியூஸ்கூடப் போடவில்லை. எஞ்சின் ஓட, கார் சும்மா நின்றாலும் சார்ஜ் ஏறியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

மின்சாரமும் இல்லை. றேடியோ கேட்க ஊரே கார்ப் பற்றறிக்கு அலைந்தது. நான் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஒரு காலை, மச்சான் பற்றறியைக் கழற்றிக்கொண்டுபோய்ச் செய்தி கேட்டார். தங்கைக்கு அவசரம் வரலாமே என்று உடனே கொண்டுவந்து பூட்டினார். பிளஸ்ஸை எர்த்துக்கு! பிளஸ்ஸின் தடித்த முனை, நான் மாற்றிய எர்த் வளையத்துக்குள் இறங்கவில்லை. அதைப் பார்த்தாவது யோசிக்க வேண்டாமா? சுத்தியலால் அடித்து இறக்கினார். நான் வாசல் படலையைத் திறக்கும்போது காரின் பொனற்றுக்குள் புகை. அல்ரனேற்றர் கருகி, வயரெல்லாம் உருகி, பற்றறியும் செத்துப்போயிருந்தது.

"ஆரைக் கேட்டு உந்தப் பற்றறியைப் பூட்டினனீங்கள்?" என்றேன்.

"உந்தக் காருக்குப் பிளஸ்தானே எர்த். இருவது வருசமா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சபடியாலோ சுத்தியலாலை அடிச்சனீங்கள்?"

புதுப் பற்றறியோ வயரோ வாங்கக் கிடைக்காத நாட்கள் அவை.

மறுநாள் விடிய வலி எடுத்தது. பக்கத்து வளவுக்காரரின் இரண்டு சக்கர உழவு மெசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொளுவி, அதில் பாய் விரித்துக் கொண்டுபோனோம். அது நடக்கிற வேகத்தில்தான் போகும். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, கொக்குவில் தாண்டும்போது, மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசைவு இல்லையப்பா" என்றாள். ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை.

மச்சானைப் படலை தாண்ட விடவில்லை. ரோட்டில் கண்டாலும் நாக்கூசாமல் ஏசினேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டில் மனைவி சொன்னாள்:

"அண்ணையை ஏசினது காணும், விடுங்கோ. கார் இப்ப நல்லா ஸ்ரார்ட் வருது, என்ன செய்தனீர் எண்டு அவர் உங்களை வந்து கேட்டவர். நீங்கள் சிரிச்சுப்போட்டு, அது தொழில் இரகசியம் எண்டு சொல்லி அனுப்பினனீங்கள்."

நான் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனேன். மச்சானை இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை நிறுத்தினால், பிறகு ஏசுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.