வேல்ஸ் பாடகர்களுக்குப் பொன்னாடை

மேடைக்குச் சவுண்ட் போடுகிறவனை மண்டபம் திரும்பிப் பார்ப்பது மைக் கூவும்போது மட்டும்தான். நன்றாகக் கேட்டால் பாடகருக்குக் கைதட்டல், கேட்காவிட்டால் எனக்கு முறைப்பு. ஜெர்மனியில் ஹம் நகரைச் சுற்றியிருக்கிற தமிழ்க் குடும்பங்களின் கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்கு வைக்கிற சாமத்திய வீடு, அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் சுமந்தவன் நான். கிழமை நாட்களில் தொழிற்சாலை, சனி ஞாயிறில் சவுண்ட். உங்களில் யாராவது ஒரு விழா முடிவில் நின்று வயர் சுருட்டியிருந்தால், நான் சொல்லப்போவதற்கு உங்களுக்கு விளக்கமே தேவைப்படாது. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு கோடையில் எங்கள் சிறு நகரம் பன்னாட்டுக் கலைவிழா ஒன்று நடத்தியது. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. சங்கத் தலைவர் என் பெயரைச் சிபாரிசு செய்ததால் மண்டபம் முழுவதற்கும் சவுண்ட் என் பொறுப்பாயிற்று. அந்த விழாவுக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து ஆண்கள் மட்டுமே பாடுகிற ஒரு பாடகர் குழு வந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

சுவர் போதும்

காலையில் ஒத்திகைக்கு வந்தார்கள். எல்லாரும் கறுப்பு மேற்சட்டை, சிவப்புக் கழுத்துப்பட்டி. பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. நானும் என் கூட்டாளி மோகனும் விடியவே வந்து மேடை நிறைய மைக் நட்டு வைத்திருந்தோம். எங்கள் ஆட்களுக்குச் சவுண்ட் போட்டுப் பழகிய கை அது. எங்கள் பாடகர்கள் மேடையேறியதும் முதலில் கேட்பது எக்கோ. "அண்ணை, இன்னும் கொஞ்சம் எக்கோ விடுங்கோ" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் பாட்டு எங்கே முடிகிறது, எக்கோ எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிடிபடாமல் போய்விடும்.

இவர்கள் மைக்குகளைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழுவின் செயலாளர் டாவிட், மெலிந்த உயரமான மனிதர், என்னிடம் வந்தார். நான் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைத் தூசு தட்டி எடுத்து, எத்தனை மைக் வேண்டும் என்று கேட்டேன். அவர் மேடையின் பின்பக்கம் தொங்கிய திரையைக் காட்டி, அதை மட்டும் விலக்க முடியுமா என்றார். விலக்கினேன். பின்னால் வெறும் செங்கல் சுவர். நின்ற நின்றபடியே ஒரு வரி பாடிக் காட்டினார்கள். என் சவுண்ட் மிக்ஸருக்குப் பக்கத்தில் வைத்திருந்த கோப்பிக் குவளை நடுங்கியது. டாவிட் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "எங்களுக்கு மைக் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு நல்ல சுவர் இருந்தால் போதும்."

கை அசைக்காமல் கேட்க வேண்டும்

மைக்குகளை நான் கழற்றப் போனபோது டாவிட் என்னைத் தடுத்தார். இரண்டை மட்டும் முன்னால் விட்டுவைத்து, கச்சேரியை ஒலிப்பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் எம்ரிஸ் என்பவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவர்தான் அந்தக் குழுவை நெடுங்காலம் நடத்தியவர். இப்போது ஊரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். எழும்பி வருவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. அவரிடம் பாட்டுப் படித்த மேகன் என்ற பள்ளிக்கூட ஆசிரியை இப்போது குழுவை நடத்துகிறார்.

"எம்ரிஸ் எங்களை ஒருநாளும் சும்மா இருந்து கேட்டதில்லை. எங்களுக்கு முன்னால் நின்று கை காட்டுவது அவர் வேலை. எந்தத் தொண்டை பிந்துகிறது, யார் வரியை மறந்தான் என்றுதான் அவர் காது பார்க்கும்," என்றார் டாவிட். கச்சேரியின் கடைசிப் பாட்டு எம்ரிஸே இசையமைத்தது. சுரங்கத்துக்குள் இறந்துபோன தன் தம்பிக்காகச் செய்தாராம். அதைத்தான் முக்கியமாகப் பதிவு செய்ய வேண்டும். நான் நெஞ்சில் கை வைத்துச் சரி என்றேன். இந்தத் தொழிலில் என்னிடம் இப்படியொரு வேலையை அதற்கு முன் யாரும் தந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எம்ரிஸ் சொல்லி அனுப்பியதை டாவிட் அப்படியே எனக்குச் சொன்னார்: "ஒரேயொரு தடவை, கையை அசைக்காமல் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும்."

இங்கிலாந்து என்ற சொல்

விழா தொடங்கியது. அறிவிப்பாளப் பெடியன் ஜெர்மன்காரன், நல்ல குரல். அன்றைய நிகழ்ச்சிகளை வாசித்தபோது "இங்கிலாந்திலிருந்து வந்த பாடகர்கள்" என்று விட்டான். முன்வரிசையில் இருந்த குழுவில் ஒரு அசைவு. வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு. இடைவேளையில் கிளின் என்ற பருத்த மனிதர், பழைய சுரங்கத் தொழிலாளி, நேரே மிக்ஸருக்கு வந்துவிட்டார். மைக் கூவினாலும் என்னிடம், அறிவிப்பாளர் பிழையாகச் சொன்னாலும் என்னிடம். நம் தொழில் அப்படி.

நான் சொன்னேன், "ஐயா, நான் சத்தத்தைக் கூட்டுகிறவன் மட்டும்தான், சொல்லை மாற்றுகிறவன் இல்லை. என்னையும் இந்த நாட்டில் தினம் யாராவது இந்தியன் என்கிறார்கள். நான் இலங்கைத் தமிழன் என்று சொன்னால், எல்லாம் ஒன்றுதானே என்கிறார்கள்." அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது. அப்படிச் சொன்னால் நீ என்ன செய்வாய் என்று கேட்டார். சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பேன் என்றேன். கிளின் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "நாங்கள் சிரிப்பதில்லை. இன்னும் சத்தமாகப் பாடுவோம்."

பாடமுதல் மரியாதை

வேல்ஸ்காரர் மேடையேறினார்கள். நான் பதிவுக் கருவியை ஓடவிட்டேன். மேகன் கையைத் தூக்கப் போகிற நேரம், எங்கள் சங்கத் தலைவர் மாஸ்டர் மேடைக்கு வந்துவிட்டார். ஊரில் வாத்தியாராக இருந்தவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். பின்னால் இரண்டு பிள்ளைகள் தாம்பாளத்தில் பொன்னாடைகளைச் சுமந்து வந்தார்கள். விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்தாமல் விட்டால் மாஸ்டருக்கு இரவு நித்திரை வராது. குழுத் தலைவிக்கு ஒன்று போர்த்திவிட்டு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் குழுவில் ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் வாங்கி வந்திருந்தார்!

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயரைக் கேட்டு, மைக்கில் சொல்லி, போர்த்தி, கைகுலுக்கி, படத்துக்கு நிறுத்தினார். நடுநடுவே தமிழில் வாழ்த்து, பிறகு அதற்கு ஜெர்மனில் விளக்கம். விழாவைப் பொறுப்பெடுத்து நடத்திய ஜெர்மன் அம்மா திரைக்குப் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒதுக்கிய நேரம் ஒதுக்கியதுதான். பொன்னாடை நேரமும் வேல்ஸ்காரர் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது.

மோகன் ஓடிப்போய் மாஸ்டரின் காதில், பாடி முடிந்த பிறகு மிச்சத்தைப் போர்த்தலாமே என்று கெஞ்சினான். மாஸ்டர் மைக்கை மூடாமலே பதில் சொன்னார், மண்டபம் முழுக்கக் கேட்டது: "பாடி முடிச்ச பிறகு போர்த்தினா அது கூலி. பாடமுதல் போர்த்தினாத்தான் தம்பி மரியாதை."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிக்ஸரில் அவருடைய மைக்கை மெல்ல மெல்லக் குறைத்து, கடைசியில் அணைத்தே விட்டேன். சவுண்ட் போனால் மனிதர் இறங்குவார் என்பது கணக்கு. மாஸ்டர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பிப் பெருந்தன்மையோடு கையை ஆட்டினார். முப்பது பிள்ளைகள் கத்துகிற வகுப்பை அடக்கிய தொண்டை அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, மைக் வேலை செய்யேல்லை. பரவாயில்லை, எனக்குத் தொண்டை இருக்கு!"

எல்லாம் இருக்கிறதல்லவா

பிறகு பாடினார்கள். தோளில் பொன்னாடையோடு, வியர்க்க வியர்க்க. என்னிடம் அந்த இசைக்குச் சொல் இல்லை. சத்தமாக ஒரு பாட்டு, அடுத்து யாரோ பிள்ளையை நித்திரையாக்குகிற மாதிரி ஒரு பாட்டு. சாப்பாட்டுப் பக்கம் நின்ற எங்கள் சனம்கூடத் தட்டுகளை வைத்துவிட்டு உள்ளே வந்தது. நான் கருவியில் ஏறி இறங்குகிற சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாட்டுக்காக மேகன் தாளைப் புரட்டினார். அந்த நேரம் விழாப் பொறுப்பாளர் அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, மிக மரியாதையாக, நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினார். அடுத்த குழு வாத்தியங்களோடு படியில் நின்றது. மேகன் ஒரு பாட்டு என்று விரலைக் காட்டினார். அம்மா வருத்தத்தோடு தலையசைத்தார். மேகன் தாளை மூடிவிட்டுச் சபையை வணங்கினார். யாருக்கும் கோபம் காட்டத் தெரியவில்லை. எங்கள் மாஸ்டர்தான் முதல் ஆளாக எழும்பிக் கைதட்டினார். என்ன நடந்தது என்று அந்த மனிதருக்குத் தெரியவேயில்லை.

டாவிட் மிக்ஸருக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பரவாயில்லை. மற்றதெல்லாம் இருக்கிறதல்லவா?"

சுருட்டிய வயர்

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கடைசிக் கைதட்டல் ஓய முதல் வயர் சுருட்டத் தொடங்கிவிட வேண்டும். மண்டபக் காவலர் பூட்டுவதற்குத் திறப்பைக் கேட்டு வந்து நிற்பார், பின்னேரம் இன்னொரு விழா இருக்கும். அன்றைக்கும் ஹம்மில் ஒரு சாமத்திய வீடு. கடைசிக் குழுவும் இறங்கியதும் நானும் மோகனும் எல்லாவற்றையும் அள்ளி வான் வண்டியில் ஏற்றினோம். "அண்ணை, நான் வெளிக்கிடுறன். பொம்பிளைப்பிள்ளையின்ரை தகப்பன் போன் அடிச்சுக்கொண்டே இருக்கிறார்," என்று மோகன் வானை எடுத்தான். நான் திறப்பைக் கொடுத்துவிட்டு ரயிலில் போவதாக ஏற்பாடு.

திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறேன், மண்டபத்துப் பின்முற்றத்தில் வேல்ஸ்காரர் பியர் கிளாசோடு நிற்கிறார்கள். நல்ல வெயில். பொன்னாடையைக் கழற்றினால் மாஸ்டர் மனம் நோகும் என்று ஒருவரும் கழற்றவில்லை. யாரும் சொல்லாமலே கிளின் கீழ்க்குரலில் தொடங்கினார். பக்கத்தில் நின்றவர் சேர்ந்தார். பிறகு எல்லாரும். மேகன் கையை அசைக்கவில்லை, சுவரில் சாய்ந்து நின்று தானும் முணுமுணுத்தார். அதுதான் எம்ரிஸின் பாட்டு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடையில் பாடியதெல்லாம் இதற்கு முன்னால் ஒத்திகைதான். டாவிட் அழுதுகொண்டே பாடினார்.

நான் வெறுங்கையோடு நின்றேன். பதிவுக் கருவி வான் வண்டியோடு போய்விட்டது. மோகனுக்குப் போன் அடித்தேன், நெடுஞ்சாலையில் ஏறிவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்து, பாட்டுக்கு நேரே பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். டாவிட் பாட்டின் நடுவிலேயே அடித்துத்தான் பார்த்தார். அந்த வார்டில் போனை அணைத்து வைக்க வேண்டுமாம், மணியே போகவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் என்னிடம் சொன்னார், எங்கே போனாலும் கச்சேரிக்குப் பிறகு இப்படிப் பாடுவது எங்கள் வழக்கம், கச்சேரி மற்றவர்களுக்கு, இது எங்களுக்கு என்று. அதைக் காலையிலேயே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தினமும் செய்கிறதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

மாஸ்டர் வாசலில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதைப் பதிவு செய்தீர்தானே?"

ஆஸ்பத்திரியில் கேட்டது

கச்சேரிப் பதிவை மறுநாளே இசைத்தட்டில் ஏற்றி விரைவுத் தபாலில் அனுப்பினேன். சில கிழமைகளுக்குப் பிறகு டாவிட் போன் எடுத்தார். எம்ரிஸ் இறந்துவிட்டார். ஊருக்குத் திரும்பியவர்கள் அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக்கே போய்ப் பாடுவதாகத்தான் இருந்தார்களாம். அவர் அதுவரைக்கும் இருக்கவில்லை. அந்தப் பாட்டை அவருடைய அடக்கத்தில் பாடினார்கள். ஊர் முழுக்கக் கேட்டது, கேட்க ஆசைப்பட்டவரைத் தவிர.

என் இசைத்தட்டை அவர் கேட்டாராம். கட்டிலில் சாய்ந்து, இரண்டு கையையும் போர்வைமேல் வைத்துக்கொண்டு, அசைக்காமல், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை. மாஸ்டரின் வாழ்த்துரைக்குச் சிரித்தாராம்.  எம்ரிஸ் கடைசியில் தன்னிடம் கேட்டதைச் சொல்லிவிட்டு டாவிட் போனை வைத்தார்: "மேகன் நன்றாகத்தான் நடத்தியிருக்கிறாள். சரி, கச்சேரி முடிந்த பிறகு பாடினீர்களே, அது எங்கே?"

அன்றிலிருந்து எந்த விழாவிலும் கடைசிக் கதிரையை மடித்து வைக்கும்வரை என் பதிவுக் கருவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இதுவரை அதில் அகப்பட்டது, பாயாசம் முடிந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட்டது மட்டும்தான்.