துடைத்து எடுக்காத மருந்து டப்பா

எங்க வீட்டுல எந்த டப்பாவையும் துடைச்சு எடுக்க மாட்டோம். அரிசி, உப்பு, மஞ்சத்தூள், எதுவா இருந்தாலும் அடியில ஒரு கைப்பிடி கிடக்கும். அதுக்கு மேலதான் புதுசு விழுகும். தீர்ந்து போச்சுன்னு வாயால சொல்லவும் கூடாது, "வாங்கணும்"னு சொல்லணும். பொறந்த வீட்டுலயும் அப்படித்தான், வந்த வீட்டுலயும் அப்படித்தான். துடைச்சா வீட்டை விட்டு என்னமோ போயிரும்னு ஒரு பயம்.

எங்க வீட்டுக்காரருக்குச் சுகர் வந்து ஏழு வருஷம் ஆச்சு. டாக்டர் குடுத்த மாத்திரை போக, அப்ப இருந்தே காலையில வெறும் வயித்துல ஒரு பொடியும் வெந்நியில கலக்கிக் குடிப்பாரு. ஆவாரம்பூ, நாவக்கொட்டை, சிறுகுறிஞ்சான் எல்லாம் சேர்த்து அரைச்சது. மதுரை சிம்மக்கல்லுல ஒரு நாட்டு மருந்துக் கடையில வாங்குறது. வந்ததும் கவரைக் கிழிச்சு டப்பாவுல கொட்டிருவேன். கவர் குப்பைக்குப் போகும், அதுல அடிச்சிருக்க தேதியும் அதோட போகும். பச்சிலைதானே, இது என்ன செய்யப்போகுதுன்னு ஒரு நினைப்பு.

நான் மேலூர்ல ஒரு ஜவுளிக்கடையில பகல் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறவ. காலையில சமைச்சு, சோத்தைக் கட்டி, பஸ்ஸுக்கு ஓடணும். கழுவுன ஸ்பூனை ஈரத்தோடவே டப்பாக்குள்ள விட்டு எடுப்பேன். அதைத் துடைக்கக்கூட அலுப்பு. வேற என்னத்தச் சொல்ல?

போன மழைக்காலத்துல அவருக்கு வாந்தியும் பேதியும் புடிச்சு, மூணு நாளு ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்துனோம். "நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. இவரு இல்லைன்னு தலையாட்டுனாரு. நான்தான் சொன்னேன்.

"எக்ஸ்பயரி தேதி பாத்தீங்களா?"

"போன மாசம் வாங்குனதுங்க."

பொய் இல்ல. அதை நானே நம்பித்தான் சொன்னேன்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா நாள்பட்ட பொடியில பூஞ்சை புடிக்கும். கிட்னி அளவு வேற கொஞ்சம் ஏறியிருக்கு. முதல்ல அதை நிப்பாட்டுங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்துப் பாப்போம்."

கிட்னின்ன உடனே எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

வீட்டுக்கு வந்த மறுநாளே இவரு ஆரம்பிச்சுட்டாரு. "கடைக்காரன் பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டான். நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்." நடக்கவே தெம்பு இல்ல, ஆனா கோவத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. டப்பாவைக் கட்டைப்பையில வச்சுக்கிட்டு கிளம்பிட்டாரு. விழுந்து கிழுந்து வச்சா என்ன பண்றதுன்னு நானும் ஜவுளிக்கடைக்கு லீவு சொல்லிட்டுக் கூடப் போனேன்.

இவரு போட்ட சத்தத்துல ரோட்டுல போனவங்க நின்னு பாத்தாங்க. கடைக்காரர் பதிலுக்குக் கத்தல. "அண்ணே, கவர் இருக்கா? அதுல தேதி போட்டிருக்கும்"னாரு. கவருக்கு எங்க போறது? கடைக்காரரே பேப்பரை விரிச்சு அதுல டப்பாவைக் கவுத்தாரு. மேல இருந்தது பச்சையா விழுந்துச்சு. அடுத்து பழுப்பா விழுந்துச்சு. மிச்சம் விழுகல. அடியில ரெண்டு தட்டு தட்டுனாரு. அடை மாதிரி ஒரு கட்டி பொத்துன்னு விழுந்துச்சு. கறுப்பா, மேல வெள்ளையா பூஞ்சை. உள்ள இருந்து வண்டு ஊர்ந்து வெளிய வந்துச்சு.

"சரக்கு எங்க கடையோடதுதாண்ணே. ஆனா இது எந்த வருஷத்துதுன்னு எனக்குத் தெரியலயே."

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவமானத்துல காது சுட்டுச்சு. "கடைக்காரர் மேல தப்பு இல்லங்க. நான்தான் அடியத் துடைக்காம மேல மேல கொட்டிக்கிட்டே வந்தேன்."

இவரு என்னைப் பாத்தாரு. "ஏழு வருஷமாவா?"

"ஆமாங்க."

அங்கயே வச்சு வைவாருன்னு நெனச்சேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. கடைக்காரர்தான் சொன்னாரு: "பச்சிலைன்னா கெடாதாக்கா? கீரை ஒரே நாள்ல அழுகிப்போகுதுல்ல? பொடியின்னா கவரோட வச்சு, தேதிக்குள்ள முடிச்சுரணும்."

ரெண்டு வாரம் கழிச்சு எடுத்த டெஸ்ட்டுல அளவு இறங்கியிருந்துச்சு. அது பின்னாடி நடந்தது. அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது எனக்கு அது தெரியாது. அவரு ஜன்னலோரம் கண்ண மூடி சாஞ்சிருந்தாரு. ஆளு பாதியா ஆகிட்டாரு. வீட்டுல எதுவும் போயிரக் கூடாதுன்னு அடியில மிச்சம் வச்சு வச்சு, இந்த மனுசனையே அனுப்பப் பாத்திருக்கேனேன்னு அழுகை முட்டுச்சு. அழக்கூட அசதியா இருந்துச்சு.

வந்ததும் டப்பாவைச் சுரண்டிக் கழுவி வெயில்ல கவுத்தேன். அம்புட்டு வருஷத்துல அதோட அடியை நான் பாத்தது அன்னைக்குத்தான்.

மறுநாள் காலையில பழக்கதோஷத்துல டம்ளரும் கையுமா வந்து நின்னாரு. "மருந்து கலக்கலையா?"

"தீர்ந்து போச்சுங்க"ன்னேன்.

சொன்ன பிறகுதான், என்ன வார்த்தையச் சொன்னேன்னு எனக்கே உறைச்சுச்சு. அவருக்கும் உறைச்சிருக்கும்.

"சரி, வெறும் வெந்நிய ஊத்து"ன்னு டம்ளரை நீட்டுனாரு.