அக்கா எழுதி வைத்த பெயர்கள்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்குப் போதகர் ஐயா எழுதிக் கொடுத்துவிட்டார், பெரியப்பாவும் எழுதிவிட்டார். “கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான், நீ எழுதலேன்னா எப்படிப்பா?” என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். நான் கீரனூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பேனா பிடித்துப் பழக்கமில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கு மூன்று வயதில் அம்மா தவறிவிட்டார். அதன்பிறகு எனக்குச் சோறு ஊட்டியதும், முதுகில் நாலு வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும் அக்காதான். ஆலங்குடியில் வாழ்க்கைப்பட்டார். மூன்றாம் ஆண்டிலேயே அத்தான் விபத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. திரும்பி வந்து அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தார். அழுதுகொண்டு மூலையில் உட்காரும் ஆள் இல்லை அவர். சாயங்காலமானால் கையில் வேதத்தை எடுத்துக்கொண்டு, யார் வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்று விசாரித்துப் போய்விடுவார். சபையார் வீடு, சாமி கும்பிடுகிறவர்கள் வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. “டீச்சர், எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று பஸ்ஸை நிறுத்திக் கூப்பிடுவார்கள்.

சர்க்கரை நோய் கண்ணைப் பிடித்தது. அச்செழுத்து கலங்கியது. அதனால் பெரிய போன் மாதிரி இருக்கும் பழைய டேப் ஒன்றைச் சரிபண்ணி, வேதம் படிக்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். நெட் வேண்டாம். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். ஒரு சொல்லைத் தட்டினால் அது வருகிற இடமெல்லாம் வரும். வசனத்துக்கு நிறம் அடிக்கலாம், அடியில் குறிப்பும் எழுதி வைக்கலாம். ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். “கடை வச்சு இத்தனை வருஷத்துல நீ செஞ்ச உருப்படியான காரியம் இது ஒண்ணுதான்டா” என்றார்.

ஒருநாள் திறந்து பார்த்தேன். பிரசங்கக் குறிப்பு இருக்கும் என்று நினைத்தால், வசனத்துக்கு வசனம் மனிதர்களின் பெயர்கள்! எந்த வீட்டில் எந்த வசனத்தைப் படித்தாரோ, அதன் அடியில் அந்த வீட்டாரின் பெயர், என்ன கஷ்டம் என்று ஒரு வரி. மஞ்சள் அடித்திருந்தால் இன்னும் ஜெபிக்கிறார் என்று பொருள். குணமாகிவிட்டால் பச்சை.

“என்னக்கா, வேதத்தைப் படின்னு குடுத்தா ரேஷன் கடை லிஸ்ட் மாதிரி பேரா எழுதி வச்சிருக்கே?” என்று கிண்டல் செய்தேன்.

“ஒங்களுக்காக ஜெபம் பண்றேன்னு வாய்ல சொல்லிட்டு வந்துர்றோம்ல. வீட்டுக்கு வந்ததும் மறந்துட்டா, அது அவுகளை ஏமாத்துனதுதானடா?” என்றார். ஆறு ஆண்டுகள் அப்படி எழுதினார். விடிந்ததும் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி ஜெபிப்பார்.

போன கோடைக்கு முந்தின கோடையில், டேப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். “தொறக்கவே மாட்டேங்குதுடா, சும்மா சுத்திக்கிட்டே கெடக்கு.” கடையில் நல்ல கூட்டம். பத்துப் பேருக்குச் செய்வதைத்தான் செய்தேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஐந்தே நிமிடம். “இந்தா, இப்ப குதிரை மாதிரி ஓடும்” என்று நீட்டினேன்.

அக்கா அங்கேயே நின்று திறந்தார். பக்கத்தை விரலால் தள்ளினார், இன்னும் தள்ளினார். “வசனமெல்லாம் இருக்குடா தம்பி. பேரைக் காணோமே?”

ஆப்பை அழித்ததில் அதற்குள் எழுதியிருந்ததும் சேர்ந்து போய்விட்டது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் “பேக்கப் எடுத்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். அக்காதானே என்று அவரிடம் கேட்கவில்லை. பாவி நான், அதை மட்டும் கேட்கவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். திருச்சிக்குக் கொண்டுபோய் என்னைவிடக் கெட்டிக்காரர்களிடம் காட்டினேன். ஆப் செய்தவர்களுக்கு எழுதினேன். குறிப்புகள் அந்தக் கருவிக்குள்ளேயேதான் இருந்திருக்கும், எங்களிடம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. ஊரார் போனிலிருந்து தொலைந்த போட்டோவையெல்லாம் எடுத்துக் கொடுத்தவன், என் அக்காவிடம் கையை விரித்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

“போய்க் கேட்டு மறுபடி எழுதிருவோம்க்கா” என்றேன்.

“எப்படிடா கேக்குறது? நான் ஒங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேனான்னு அவுககிட்டயேவா? நெதமும் பண்றேன்னு நம்பிக்கிட்டு இருக்காக.”

அதனால் வண்டியில் பின்னால் உட்காரவைத்துத் தெருத் தெருவாகக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டைப் பார்த்தால் பெயர் நினைவுக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. சில வந்தன. பல வரவில்லை. அதற்குள் சிறுநீரகம் கெட்டு, வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றாகிவிட்டது. நினைவும் குழம்பத் தொடங்கியது.

கடைசி வாரம், ஒரு மத்தியான நேரம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்தார்.

“தம்பி, கறம்பக்குடி பஸ்ல ஒரு பொம்பளைப்பிள்ளை ஏறுச்சு. மடியில வலிப்பு வந்த பிள்ளை. என் தோள்ல சாஞ்சு அழுதுச்சுடா. அது பேரு என்ன?”

“தெரியலையேக்கா.”

“தேடிப் பாருடா. நீதான் போனதையெல்லாம் எடுத்துருவியே.”

டேப்பை வாங்கி வெறுமனே தள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத்தான் தெரியுமே. தாங்கமாட்டாமல், “லெட்சுமின்னு இருக்குக்கா” என்று வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். “அது இல்லடா” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த நர்சம்மாக்களுக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த சபையாருக்கும், ஆலங்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பார்த்த அத்தான் வீட்டாருக்கும், பெட்டிக்குத் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றி சொல்லும் இடத்தில், பெயர் விடுபட்டிருந்தால் மன்னிக்கவும் என்று போடுவார்கள். அதைப் போட எனக்குக் கை வரவில்லை. அக்கா உங்கள் வீட்டில் உட்கார்ந்து டேப்பில் எதையோ எழுதியது நினைவிருந்தால், கடைக்கு வந்து பெயரைச் சொல்லுங்கள். எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆலயத்துக்குப் போகிறவன். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லுங்கள்.

கறம்பக்குடி பஸ்ஸில் வந்த அந்தப் பெண்ணுக்கு இந்த மலர் போய்ச் சேரப் போவதில்லை. தன் பிள்ளைக்காக டீச்சர் தினமும் ஜெபம் பண்ணுகிறார் என்று அவர் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பார்.

– தம்பி